எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறாயா?

அன்புள்ள கண்ணா,

பாட்டு ரெக்கார்டு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், அப்பாவுக்கு ஏதாவது வேண்டுமா கேள் என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதற்கப்புறம் நான் போட்ட எதற்கும் பதில் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதல் அச்சில் வந்த தட்டு எதெது போகிறது என்றுதான் கேட்பார். எனக்குக் கேட்க வேண்டியது அது இல்லை.

முதலில் ஒன்று. பெட்டியில் போட்டிருந்தால் நிற்க வைத்து அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதே, வளைந்துவிடும். உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன்.

நான் ஒரு தட்டுகூடச் சேர்த்தவள் இல்லை. ஆனால் சேர்க்கிறவர்களுக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்தினவள், ஆள் உறையைப் பிரிக்கிற விதத்திலேயே இன்னார் என்று சொல்லிவிடுவேன். நம்பர் மாமாவை எடுத்துக்கொள். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறும் கறுப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பொறித்திருக்கும் எண்ணைத்தான் முதலில் படிப்பார். அதை வைத்து அந்தத் தட்டு எந்த மூல வெட்டிலிருந்து அச்சானது என்று சொல்லிவிடுவார், அச்சு தேயத் தேய ஓசையும் மங்கும், அதனால் முந்தி அடித்ததுதான் உசத்தி என்பார். சரிதான். ஆனால் ஒரு பாட்டையாவது அவர் முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. துப்பறிகிற சுகம் போதும் அவருக்கு.

பெரியப்பா அதற்கு நேர் எதிர். 1948-ல் எல்பி என்கிற நீளமாக ஓடும் தட்டு வந்ததோடு கேட்கிற பழக்கமே கெட்டது என்று இன்னும் சண்டை போடுவார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான், எழுந்து போய்த் திருப்பிப் போட்டால்தான் அடுத்தது, அந்தச் சிரமம் இருந்தால்தான் காது கவனிக்கும் என்பார். அவர் சேர்த்தது தட்டை இல்லை, அந்தச் சிரமத்தை என்று நான் கேலி செய்வேன், உனக்கு நினைவிருக்கும். அப்புறம் பிரிக்காத மனிதர். வாங்கின பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்திருப்பார், அந்த உறையே நாளடைவில் இறுகித் தட்டை வளைத்துவிடும் என்று அப்பா எத்தனை சொல்லியும் பிரிக்கவில்லை. வரிசையில் ஒன்று குறைகிறதே என்று பிடிக்காத தட்டையும் வாங்கினவர் இன்னொருவர். கடைசியாக அது கிடைத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், இனி என்ன செய்வது என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பிரேசிலில் ஸேரோ ஃப்ரெய்டாஸ் என்று ஒரு பஸ் முதலாளி பல லட்சம் தட்டுகளை வாங்கிக் குவித்த கதையை அப்பா வாய் பிளந்து சொல்வார். எல்பி ஒன்றுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால், பத்து லட்சம் தட்டைத் தூங்காமல் கேட்டாலும் 76 வருஷம் ஆகும், நானே கணக்குப் போட்டேன். எனக்குப் பிடித்தது ஜோ பஸார்டின் கதை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய 78 தட்டுகளைக் கேட்டு வாங்கினவர், 2022-ல் போய்விட்டார். தேடி வந்தவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவாராம், கேசட்டில் பதிந்தும் கொடுப்பாராம்.

நீ அந்த ஜாதி. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைதான். கீறல் விழுந்ததைக்கூட ஒதுக்கமாட்டாய், யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று பட்டதை எடுத்துப் போடுவாய், இரவல் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கவும் மாட்டாய். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டுக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு, பெற்றவளிடம் இரண்டு வார்த்தை பேச மட்டும் தெரியவில்லை.

அதனால்தான் உன் வரி எனக்கு உறுத்துகிறது. தட்டுகளை விட்டுவிடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பணம் தேவை, இடம் இல்லை, காது மந்தமாகிவிட்டது, இப்படி ஏதாவது இருக்கும். அவர்கள்கூட ஒவ்வொன்றாக எடுத்து மின்ட் என்றால் புத்தம் புதுசு, நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்டப் புதுசு என்று தரம் பிரிப்பார்கள், விலைக்குத் தகராறு பண்ணுவார்கள், நடுவே பத்துத் தட்டை யாருக்கும் தெரியாமல் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும், அதுவும் யாருக்காவது என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. நீ தரமும் பிரிக்கவில்லை, விலையும் பேசவில்லை. அவளுடைய தட்டுகளும் அதில் சேர்த்தியா? இதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.

கடைசியாக எதைப் போட்டுக் கேட்டாய்? இதற்கு மட்டும் சொல். ஊசி பழசாகியிருந்தால் மாற்று, தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தையே அரித்துவிடும். ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போய், அந்தச் சலிப்பில் எழுதினாய் என்றால் நான் இத்தனை பக்கம் வளர்த்ததற்குச் சிரித்துக்கொள், எனக்குச் சந்தோஷம்தான். அவசரப்பட்டு எதையும் கொடுக்காதே. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் இங்கே அனுப்பு, என் அறையில் இடம் இருக்கிறது, அப்பாவைத் தொடவிடமாட்டேன். நிற்க வைத்து அடுக்கி அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வீட்டில் இருக்கமாட்டார். அப்போது கூப்பிடு, ரெக்கார்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கூப்பிடவில்லை என்றால் திங்கட்கிழமை நான் கிளம்பி வருகிறேன், டிக்கெட் பார்த்து வைத்துவிட்டேன்.

அம்மா