குழி தோண்டும்போதே ஒரு குழாய்: நுவரெலியா மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"தண்ணீர் கொடுக்கிற சபையே இன்டர்நெட்டும் கொடுத்தால் என்ன?" என்ற பேச்சு நகரத்தில் அவ்வப்போது கிளம்பும். தேர்தல் வந்தால் சத்தம் கொஞ்சம் கூடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதியைச் சபை கட்டாயம் செய்ய வேண்டும். மறுபாதியைத் தொடவே கூடாது.

தேவையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2,524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் நாமோ ஒரு கோடு சிக்னலுக்காக ஜன்னல் ஜன்னலாக நடக்கிறோம். மலை குறுக்கே நின்றால் 4ஜி அலை வளைந்து வராது. பள்ளத்துக்குப் பள்ளம் கோபுரம் நட வேண்டும், பத்துத் தோட்ட லய வீடுகளுக்காக எந்தக் கம்பனியும் அதைச் செய்யாது. மண்ணுக்கடியில் வரும் ஃபைபருக்கு, அதாவது ஒளியிழைக் கம்பிக்கு, மலை ஒரு தடையே இல்லை. ஆனால் அதில் பெரிய செலவு கம்பி அல்ல, தோண்டுவதுதான். அதனால்தான் ஹோட்டல்கள் நிற்கும் வீதியோடு கம்பனிகளின் உற்சாகம் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் சபையே இணைய சேவை நடத்தட்டுமே என்பவர்கள் அமெரிக்காவின் சட்டனூகா நகரத்தைக் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். அந்நகரின் பொது மின்சார நிறுவனமான ஈபிபி, 2010இல் தன் எல்லைக்குள் எல்லா வீடுகளுக்கும் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேக இணைப்புக் கிடைக்கும்படி செய்தது. மின்தடை எங்கே என்று கண்டுபிடித்து மின்சாரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடவும் அதே ஃபைபர் உதவுகிறது. ஆனால் அவர்களிடம் என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். சொந்த மின்கம்பங்கள், மின்சாரம் தெரிந்த ஆட்கள், மாதம் தவறாத பில் முறை, போதாததற்கு மத்திய அரசின் சுமார் 11 கோடி டொலர் மானியம். நம் ஊரில் மின்கம்பமே சபையுடையது அல்ல.

அதே நாட்டில் புரோவோ என்ற நகரமும் இருக்கிறது. சுமார் 3 கோடியே 90 இலட்சம் டொலர் கடன் எடுத்து அமைத்த ஃபைபர் வலையமைப்பை 2013இல் கூகுளுக்கு ஒரு டொலருக்கு விற்றது. வலையமைப்பு கைமாறியது, கடன் மாறவில்லை. கடனை அடைக்க, நகரத்தார் மாதாந்த பில்லோடு 5.35 டொலர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இலங்கையில் மின் விநியோகத்தை ஒரு காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தின. இழப்பும் நிலுவையும் ஏறி, 1983இல் லெக்கோ என்ற மின் விநியோகக் கம்பனியை உருவாக்கித்தான் நீர்கொழும்பு முதல் காலி வரையான கரையோர நகரங்களில் அதைச் சீர்செய்தார்கள். பில் வசூலிப்பதும் பழுது பார்ப்பதும் அரசியலோடு கலந்தால் சேவை எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு ரௌட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாருக்குக் கோல் எடுப்பது? வட்டார உறுப்பினருக்கா?

சபை செய்ய வேண்டிய பாதிக்கு ஸ்டொக்ஹோம் நகரம் முன்மாதிரி. நகரத்துக்குச் சொந்தமான ஸ்டோகாப் நிறுவனம் 1994 முதல் மண்ணுக்கடியில் ஃபைபர் போட்டு, கேட்கும் கம்பனிகளுக்கெல்லாம் வாடகைக்கு விடுகிறது. வீடுகளுக்கு இணைப்பு விற்பது கம்பனிகளின் பாடு.

நமக்கு ஃபைபர்கூட வேண்டாம், வெறும் குழாய் போதும்; கம்பனிகள் வாடகை கட்டித் தங்கள் ஃபைபரை அதற்குள் இழுத்துக்கொள்ளட்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வீதி போனது, மின்சாரம் போனது, போனும் போனது. உள்ளே இருந்தவர்களின் நிலை வெளியே தெரியவில்லை. இப்போது வீதியோ தண்ணீர்க் குழாயோ திருத்தத் தோண்டும் ஒவ்வொரு குழியிலும், மூடுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துப் போடுங்கள். மண்சரிவில் அதுவும் அடித்துப் போகலாம், உண்மைதான். முக்கிய இடங்களுக்கு இரண்டு பக்கத்தாலும் வழி இருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது பேசும்.

அனுமதிப்பத்திரம் உள்ள எந்தக் கம்பனிக்கும் ஒரே வாடகை இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் தனியுரிமை கொடுத்துவிட்டால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம். கடைவீதிக் குழாயைக் கேட்கும் கம்பனி மாகஸ்தோட்டப் பக்கத்துக்கும் இணைப்புத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 1991 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி சபைக்கு என்ன அனுமதி தேவை என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள், பிறகு வழக்கு என்று அலைய வேண்டாம்.

நகர எல்லைக்கு வெளியே இருக்கும் தோட்டங்கள்தான் என் பெரிய கவலை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிட 2018 வரை சட்டமே தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கிவிட்டது. எல்லையில் உங்கள் குழாய் முடியும் இடத்திலிருந்து பிரதேச சபை தொடரலாம், இரு சபைகளும் இப்போதே உட்கார்ந்து பேசினால்.

இதற்கு இணைய நிபுணர் யாரும் தேவையில்லை. சபையின் நீர்வழங்கல் பிரிவுப் பொறியியலாளரைக் கூப்பிட்டு, அடுத்து தோண்டவிருக்கும் வீதிகளின் பட்டியலையும் ஒரு மீட்டர் குழாய்க்கு ஆகும் மேலதிகச் செலவையும் அடுத்த பொதுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகை எவ்வளவு என்று வரி கட்டுகிறவர்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
நுவரெலியா நகரத்து வரி செலுத்துநர் ஒருவர்