மிச்சமிருக்கும் இ-பாஸ் எண்ணிக்கையை வெளியே காட்டுங்கள்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலா, தோட்டக்கலை, வனம், காவல் துறை அதிகாரிகளுக்கும், விடுதி உரிமையாளர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு ஏற இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் 2024 மே 7 முதல் நடப்பதும், 2025 கோடைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்ததும் தாங்கள் அறிந்ததே. விடுதிகளின் முன்பதிவுத் தளங்களைப் பராமரிக்கும் நாங்கள் வரம்பை எதிர்க்கவில்லை. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி ஏற வேண்டும். எங்கள் குறை வேறு. வண்டியை எண்ணும் கணினிக்கும் அறையை விற்கும் கணினிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

ஒரு குடும்பம் மே மாதச் சனிக்கிழமைக்கு மார்ச்சிலேயே அறை எடுக்கிறது. பணம் வாங்கும் செயலி வண்டி எண்ணைக் கேட்பதில்லை. இ-பாஸ் என்ற சொல்லே ரசீதில் வருவதில்லை. கிளம்பும் நேரத்தில் பாஸ் தேடினால் அன்றைய கணக்கு முடிந்திருக்கும். அறை இருக்கிறது, ஏற வழியில்லை. கடைசி நேர ரத்துக்குப் பணமும் திரும்பாது. பாஸ் வேண்டுமென்றே தெரியாதவர்கள் மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச்சாவடி வரை வந்து, தூங்கும் பிள்ளைகளோடு சாலையோரம் நின்று, சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில் ஓடிபி-க்காகக் காத்திருக்கிறார்கள். சோதனைச்சாவடிக் காவலரைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் எதுவும் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய மென்பொருள் அல்ல. தேதி, வரம்பு, வழங்கியது, மிச்சம் என நான்கே விவரங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, மற்றக் கணினிகள் நேரடியாகப் படிக்கும் வடிவில் திறந்து வையுங்கள். யார் பெயரும் அதில் வேண்டாம். பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் ஒவ்வொரு விடுதித் தளமும் அந்த எண்ணைக் காட்டட்டும். அடுத்த படியாக, அறைப் பதிவு எண்ணையும் வண்டி எண்ணையும் சேர்த்து பாஸ் கணக்கில் 30 நிமிடம் ஓர் இடம் பிடித்து வைக்கலாம். அறை ரத்தானால் பாஸும் தானே கணக்குக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் வராத வண்டியும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்த வசதியைப் பதிவு பெற்ற விடுதிகளுக்கு மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் இடைத்தரகர்கள் மொத்தமாக அள்ளிவிடுவார்கள்.

பாஸ் மட்டுமா? தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம், படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம், முதுமலை சவாரி வனத்துறையிடம், மலை ரயில் ரயில்வேயிடம். ஒரே மலைக்கு எத்தனை வாசல்கள்! நேர மாற்றத்தைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தத் தளமும் தானாக அதைப் படிக்காது. நேரம் எழுதியிருக்கும் பத்து இடங்களில் ஒன்று மாறும், ஒன்பது பழசாகவே கிடக்கும். சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் செங்குத்தான கல்லட்டி சாலையில் வெளியூர் வண்டி இறங்கக் கூடாது. முதுமலைச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. இவை உயிர் சம்பந்தப்பட்ட செய்திகள். 2024 ஜனவரியில் வழிகாட்டும் செயலியை நம்பி வந்த கார் ஒன்று கூடலூரில் படிக்கட்டில் சிக்கியதை மறந்துவிட வேண்டாம்.

இது நமக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. இத்தாலியின் எல்பா தீவில் 400-க்கும் மேற்பட்ட சுற்றுலா நிறுவனங்களின் தளங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுக்கிடையே இணைப்பு மிக அருகிக் கிடப்பதைக் கண்டார்கள். பல தளங்கள் ஒன்றோடும் சேராமல் தனித்து நின்றன. பக்கத்துக் கடைக்காரனைப் போட்டியாளன் என்று மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும். விடுதிச் சங்கத்தாரும் இதை யோசிக்க வேண்டுகிறோம்: உங்கள் தளத்தில் இ-பாஸ் இணைப்பு வைக்க எந்த அரசாணையும் தேவையில்லை. இன்றைக்கே வைக்கலாம்.

ஆட்சியர் அவர்களே, முதலில் அந்த மிச்ச எண்ணிக்கையைத் திறந்து வையுங்கள். மற்றவை பின்னால் வரட்டும். ஏப்ரல் கூட்டம் தொடங்குமுன் துறைகளையும் சங்கங்களையும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார வைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம். எண் வெளியே வந்தால், அதை விடுதித் தளங்களில் இணைக்கும் வேலையை நாங்கள் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி விடுதிகளின் முன்பதிவுத் தளங்களைப் பராமரிப்போர்