ஜப்பானியக் குழந்தைகளின் வீட்டில் இல்லாதவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் பிறப்பு எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். கூட்டுக் குடும்பம் சிதைந்ததும், பெண்கள் வேலைக்குக் கிளம்பியதும், கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுவதும்தான் காரணம் என்னும் தொனி அவற்றில் பலவற்றில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக யோகோஹாமாவில் குடியிருந்து, இரண்டு பிள்ளைகளை இங்குள்ள காப்பகத்துக்கு அனுப்பி வளர்த்தவள் என்ற முறையில், அந்தத் தொனியை மறுத்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூட்டுக் குடும்பம் அருகியிருப்பது உண்மை. அரசு நடத்திவரும் வாழ்க்கை நிலைக் கணக்கெடுப்பின்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் 1986-இல் மொத்தக் குடும்பங்களில் 46.2 சதவீதமாக இருந்தன. 2022-இல் அது 18.3 சதவீதமாகி, எண்ணிக்கையிலும் முதன்முறையாக ஒரு கோடிக்குக் கீழே இறங்கியது. அந்தக் குடும்பங்களுக்குள்ளும் தாத்தா பாட்டியோடு மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வாழ்பவை அன்று நான்கில் ஒரு பங்குக்கும் மேல், இன்று ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஆனாலும் பாட்டி அடியோடு மறைந்துவிடவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போய், பிள்ளை பெற்று ஒரு மாதமேனும் தங்கிவரும் வழக்கம் இங்கும் உண்டு. அதற்கு 'சாத்தோகாஎரி' என்று பெயர். தனிக்குடித்தனம் போனாலும் பெற்றோர் வீடு 'சூப் ஆறிப்போகாத தொலைவில்' இருக்க வேண்டும் என்பது இங்கே பழகிப்போன பேச்சு. மூன்று தலைமுறைக் குடும்பங்கள் மிகுந்த யமகத்தா, ஃபுகுய் மாகாணங்களில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் மிகுதி என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாட்டி வீட்டில் இருப்பதால்தான் மருமகளால் நிம்மதியாக வேலைக்குப் போக முடிகிறது. அப்படியிருக்க, கூட்டுக் குடும்பத்தைப் போற்றிக்கொண்டே பெண்ணின் வேலையைப் பழிப்பது எப்படிப் பொருந்தும்?

காப்பகத்தைப் பற்றிய கசப்பான வரிகள்தான் என்னை அதிகம் வருத்தின. 'ஹோய்க்குஎன்' எனப்படும் மழலையர் காப்பகத்தில் என் இளைய மகளை எட்டாம் மாதத்தில் சேர்த்தோம். தினமும் காலையில் அவளுடைய உடல் வெப்பநிலையை அளந்து, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாள், விடிந்து என்ன சாப்பிட்டாள், மலம் எப்படிப் போனது என்பதையெல்லாம் தொடர்பு நோட்டில் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு டயப்பரிலும் பெயர் எழுத வேண்டும்; மாலையில் அழுக்கு டயப்பர்களைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். (அவற்றைக் காப்பகங்களே அப்புறப்படுத்துவது நல்லது என்று அரசு 2023-இல்தான் அறிவுறுத்தியது.) வெப்பநிலை 37.5 டிகிரியைத் தொட்டால் போதும், அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். இவ்வளவு கெடுபிடிக்கு நடுவே, ஒரு மாலை அந்த நோட்டின் மறுபாதியில் ஆசிரியை எழுதியிருந்தார்: 'இன்று முதன்முறையாக மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.' அதை நான் பார்க்கவில்லையே என்று ரயிலில் வைத்தே கண்ணீர் விட்டேன். ஆனால் பார்த்து, மகிழ்ந்து, எனக்காக எழுதிவைக்க ஒருவர் அங்கே இருந்தார். ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது இங்குள்ள விதி. இதையா குழந்தையைத் தள்ளிவிடுவது என்கிறார்கள்?

அந்த இடம் எளிதில் கிடைப்பதும் இல்லை. உள்ளாட்சி நிர்வாகம் பெற்றோரின் வேலை நேரத்தையும் குடும்பச் சூழலையும் பார்த்துப் புள்ளி போடுகிறது; புள்ளி குறைந்தால் இடம் இல்லை. 'பராமரிப்பு வாய்க்காத' குழந்தைக்குத்தான் காப்பகம் என்று சட்டத்தில் 2015 வரை இருந்தது, அதன் பிறகே 'பராமரிப்பு தேவைப்படும்' குழந்தை என்று மாறியது. வீட்டில் தாயோ பாட்டியோ இருந்து பார்த்துக்கொள்வதே இயல்பு, காப்பகம் ஒரு குறைக்கு ஈடு என்ற எண்ணம் அந்தப் பழைய சொல்லிலேயே இருந்தது. மூன்று முதல் ஐந்து வயது வரைக்குமான 'யோச்சிஎன்' மழலையர் பள்ளியும், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளையை அழைத்துப்போகத் தாய் வீட்டில் இருப்பாள் என்ற கணக்கில் உருவானதே. மூன்று வயது வரை தாய் உடனிருந்தே வளர்க்க வேண்டும் என்னும் நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று சுகாதார அமைச்சகமே 1998-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த நம்பிக்கை மாமியார்களின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

2017-இல் இடம் கிடைக்காமல் காத்திருந்த குழந்தைகள் 26,081 பேர். புதிய காப்பகங்கள் பெருகி, 2024-இல் அது 2,567 ஆகக் குறைந்தது. 2019 அக்டோபர் முதல் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை. இருந்தும் 2024-இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 6,86,000 பேர்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.15 குழந்தை. பாட்டியின் இடத்தைக் காப்பகம் ஓரளவு நிரப்பிய பின்னும் வீட்டில் ஒரு இடம் காலியாகவே இருக்கிறது. அது அப்பாவின் இடம்.

2021-இல் அரசு எடுத்த நேரக் கணக்கு இது: ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மனைவி ஒரு நாளில் செலவிடுவது 7 மணி 28 நிமிடம், கணவன் செலவிடுவது 1 மணி 54 நிமிடம். தனியாளாகக் கடை நடத்துபவரைக் குறிக்கும் 'வன்-ஓப்பே' என்ற சொல்லையே இங்குள்ள தாய்மார்கள் தங்கள் நிலைக்கும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் மேல்மாடியில் இருந்த பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த நான்காம் மாதத்தில், கணவர் வேலைபார்த்த நிறுவனம் அவரைத் தொலைவில் உள்ள வேறொரு நகருக்கு மாற்றியது. மூத்தவனின் காப்பக இடத்தை இழக்க மனமில்லாமல் கணவர் மட்டும் தனியே போனார். அதற்கும் 'தன்ஷின் ஃபுனின்' என்று தனிப்பெயர் உண்டு. மழைநாளில் முன்னால் ஒன்று முதுகில் ஒன்றாகக் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு, மெத்தை விரிப்புப் பையையும் தூக்கியபடி அந்தப் பெண் படியிறங்கும் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கணக்கெடுப்பில் அது தாய், தந்தை, இரு பிள்ளைகள் கொண்ட தனிக்குடும்பம் என்றுதான் பதிவாகியிருக்கும். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம்; ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி வறுமையில் இருக்கின்றன.

சட்டத்தில் குறை இல்லை. குழந்தை வளர்ப்பு விடுப்புச் சட்டம் 1992 முதல் நடப்பில் உள்ளது. தந்தைக்கும் உரிமை உண்டு, முதல் ஆறு மாதம் சம்பளத்தில் 67 சதவீதமும் கிடைக்கிறது. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்களே அதை எடுத்தார்கள். அந்த விகிதம் 2023-இல் 30.1 சதவீதத்துக்கும், மறு ஆண்டு 40.5 சதவீதத்துக்கும் உயர்ந்திருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது. என்றாலும் அவர்களில் கணிசமானோர் இரண்டு வாரத்துக்குள் மேசைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஜப்பானியக் குடும்பத்தைப் பற்றி அடுத்த முறை தாங்கள் கட்டுரை வெளியிடும்போது, பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்பதையும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
யோகோஹாமா, ஜப்பான்