அது திமிர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸ் பற்றிய பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். கணவரின் வேலை காரணமாக அந்த ஊரில் 4 ஆண்டுகள் இருந்தவள் நான். டாங்கோ என்ற ஜோடி நடனம் ஆடும் இடங்களைப் பற்றிய பகுதி மட்டும் மனதை உறுத்தியது. ஆண்கள் முறைத்துப் பார்க்கிறார்கள், பக்கத்தில் வந்து மரியாதையாகக் கூப்பிடுவதில்லை, வெளியூர்க்காரர்களை மதிப்பதில்லை, இது திமிர் என்று கட்டுரையாளர் வருந்தியிருக்கிறார். முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மிலோங்கா எனப்படும் அந்த நடனக் கூடங்களில், பழைய முறைப்படி, மேசை முன்னால் வந்து கை நீட்டுவதுதான் மரியாதைக் குறைவு. அப்படி வந்து நிற்பவரிடம் ஒரு பெண் நாலு பேர் பார்க்க "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால் விருப்பமில்லாமல் எழுந்து போக வேண்டும். அதனால் கண்ணாலேயே கேட்டுவிடுகிறார்கள். ஆட விரும்பும் ஆண் தூரத்திலிருந்து பார்க்கிறார். நாமும் பார்த்தால் லேசாகத் தலையசைக்கிறார். சம்மதமென்றால் நாமும் அசைக்கலாம், இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும். கேட்டதும் மறுத்ததும் மூன்றாம் பேருக்குத் தெரியாது. இதற்கு கபெசெயோ என்று பெயர். (தலையை மேலும் கீழுமாகத்தான் அசைக்க வேண்டும். நம்மூர்ப் பழக்கத்தில் பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.)

அந்நிய ஆணை நேருக்கு நேர் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அல்மாக்ரோ பகுதியில் ஒரு கூடத்தில் மூன்று வாரம் தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. பக்கத்து மேசைப் பாட்டிதான் என் மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, "உன் கண் எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும், மகளே?" என்றார்.

அன்றே சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் அழைத்தார். முதல் பாட்டு முடிந்ததும் நல்ல பழக்கமென்று நினைத்து "கிராசியாஸ்" (நன்றி) என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் என்னை நாற்காலி வரை கொண்டுவந்து விட்டுப் போனார். நான்கு டாங்கோ பாட்டு சேர்ந்தது ஒரு தாந்தா. அது முடியுமுன் நன்றி சொன்னால் "உங்களோடு ஆடியது போதும்" என்று அர்த்தமாம். பாட்டி விளக்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பெரியவர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். நான்கு பாட்டும் ஆடினோம். அதன்பின் கொர்த்தினா, அதாவது இடைவேளைத் துண்டு இசை ஒலித்த பிறகுதான் நன்றி சொன்னேன்.

எல்லாம் சரியென்று சொல்லமாட்டேன். புதியவர்களை எவர் கண்ணும் எட்டாத பின்வரிசையில் உட்காரவைக்கும் கூடங்கள் உண்டு. அது தவறுதான்.

2009இல் டாங்கோ யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததைக் கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. ஆனால் அந்த ஊர் ஜனங்கள் இரவெல்லாம் கட்டிக்காக்கும் இந்த நடைமுறையைத் திமிர் என்று எழுதியதுதான் வேதனை. கட்டுரையாளர் மனைவியோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். அவர்களை யாரும் ஆட அழைக்காததற்குக் காரணம் அதிலேயே இருக்கிறது. சேர்ந்து உட்காரும் ஜோடியை அங்கே வேறு யாரும் அழைக்கமாட்டார்கள். அடுத்த முறை போகும்போது இருவரும் தனித்தனியாக உட்காரட்டும். இந்த விளக்கத்தை வரும் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்