சுங்கப் பதவியும் வணிகர் மனுவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் திங்கள்தோறும் மாங்கூழ் வியாபாரிகளுக்காகக் கலெக்டர் அலுவலக மனு எழுதிக் கொடுப்பவன் நான். 1801-இல் நியூ ஹேவன் துறைமுக வணிகர்கள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதிய மனுவைப் படித்தபோது, அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

முந்தைய அதிபர் ஆடம்ஸ் தம் ஆட்சியின் கடைசி வாரங்களில் நியமித்த சுங்க அதிகாரி எலைசர் குட்ரிச்சை நீக்கிவிட்டு, 77 வயது சாமுவேல் பிஷப்பை அமர்த்தியதை அவர்கள் கண்டித்தனர். அன்று மத்திய அரசின் வருவாயில் பெரும்பகுதி சுங்கவரியே என்பதால், சரக்கை மதிப்பிட்டு வரி விதிப்பவரிடம்தான் அவர்களின் பிழைப்பு இருந்தது. ஜூலை 12-இல் எழுதிய பதிலில், இறப்பால் காலியாகும் பதவிகள் சிலவே, ராஜினாமாவால் காலியாவது ஒன்றுமில்லை, எனவே பதவிநீக்கம் தவிர வேறு வழியில்லை என்ற ஜெஃபர்சன், இன்னும் முதிய வயதிலும் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறந்து விளங்கியதைச் சுட்டிக்காட்டினார். சொல்லழகு மிக்க பதில்தான்; ஆனால் பிஷப்பின் மகன் ஆபிரகாம், ஜெஃபர்சனின் கட்சிக்காகத் தீவிரமாகப் பேசியவர் என்பதையும், 1803-இல் தந்தை இறந்ததும் அப்பதவி அவருக்கே போனதையும் சேர்த்துப் பார்க்கையில், அதை நேர்மையான பதில் என என்னால் ஏற்க இயலவில்லை.

இவ்விரு கடிதங்களையும் தங்கள் நாளிதழ் முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கிருஷ்ணகிரி