புயலை விடுங்கள், செடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், புயலால் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் விண்வெளி வீரரின் கதையான ‘தி மார்ஷியன்’ படத்தைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியதைப் படித்தேன். 2015-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்தை இப்போது ஏன் கிளறுகிறார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் வரும் புயல் பொய், ஆகவே படமே பொய் என்று அவர் முடித்துவிட்டது எனக்கு ஒப்பவில்லை.

புயல் பொய்தான். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாலும் படத்தில் வருவது போல ராக்கெட் சாயாது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ஆண்டி வீர் என்பவரே தெரிந்துதான் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஆளைத் தனியாக விட்டுவர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். நம் படங்களில் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்ததை யார் கேள்வி கேட்டார்கள்?

நான் செம்பனைத் தோட்டத்தில் நாற்றுமேடை மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இடித்தது உருளைக்கிழங்கு. படத்தின் நாயகன் வாட்னி, தான் தங்கியிருக்கும் கூடாரத்துக்குள் செவ்வாய் மண்ணைக் கொட்டி, குழுவினர் விட்டுப்போன மலத்தைக் கரைத்து ஊற்றி, கிழங்கை நறுக்கி நடுகிறார். இதுவரை குறை இல்லை. ஹைட்ரசீன் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுக்கப் போய் வெடித்துத் தூக்கி வீசப்படுவதும் நம்பும்படிதான் இருக்கிறது. அப்புறம்தான் கோளாறு. முளைத்த செடி அத்தனையும் ஒரே பச்சை, ஒரே செழிப்பு. எந்த நாற்றுமேடையில் ஐயா அப்படி வரும்? தேர்ந்தெடுத்த விதை, நல்ல மேல்மண், வேளை தவறாத தண்ணீர் எல்லாம் கொடுத்தும், பாலிபேக் என்னும் நாற்றுப் பையில் ஒரு கன்று இலை சுருங்கி நிற்கும், ஒன்று புல்லாட்டம் இலை குறுகிப் போகும், ஒன்று வளரவே வளராது. வரிசை வரிசையாக நடந்து பார்த்துக் கழிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. பச்சையாக இருக்கிறதே என்று பாவம் பார்த்து ஒன்றை விட்டுவைத்தால், இருபத்தைந்து வருடம் சரியாகக் காய்க்காமல் நின்று உரத்தைத் தின்னும்.

அதுவும் எந்த மண்ணில்? நாசாவின் பீனிக்ஸ் விண்கலம் 2008-இல் செவ்வாயில் இறங்கி, மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டுபிடித்தது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு அது. தண்ணீரில் கரையும், மண்ணை அலசினால் போகும். உயிரைப் பணயம் வைத்து எடுத்த தண்ணீரை மண் அலசவே கொட்ட வேண்டுமே என்று வாட்னி கணக்குப் போட்டுத் தவிக்கிற மாதிரி ஒரு காட்சி வைத்திருந்தால், எத்தனை புயலுக்குச் சமம்!

கூடாரம் பிய்ந்து தோட்டம் முழுக்க உறைந்துபோகும் இடத்தை விமர்சகர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. செடிகள் செத்த பிறகு மனிதர் உட்கார்ந்து மிச்சக் கிழங்கை எண்ணுகிறார். நாற்றுமேடையில் வெள்ளம் புகுந்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். சாய்ந்ததைப் பார்க்கவில்லை, நின்றதை எண்ணினோம்.

ஆனால் பிய்ந்த வாயை பிளாஸ்டிக் விரிப்பும் டேப்பும் வைத்து அடைப்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. பூமியில் உள்ள அளவு காற்றை உள்ளே நிரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் பாரம் வெளியே தள்ளும். குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லியிருக்கலாம். விமர்சகர் புயலைப் பிடித்துக்கொண்டு இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

அடுத்த முறை வேற்றுக்கிரகத்தில் யாராவது பயிர் வைக்கிற படம் வந்தால், நாற்றுமேடையில் வேலை பார்த்த ஒருவரையும் விமர்சகர் தன்னுடன் அழைத்துப் போகட்டும். நான் ஈப்போ வரை வந்துவிடுகிறேன், டிக்கெட் காசும் என்னுடையது.

இப்படிக்கு,
முன்னாள் நாற்றுமேடை மண்டோர்,
சுங்கை சிப்புட், பேரா