பாலாற்றங்கரைக்கு வேண்டிய ஒளியியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளியியல் தொழில்நுட்பங்களில் இன்று நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை நிதானமாகப் படித்தேன். கண்ணாடி இழைக்குள் செலுத்தும் ஒளியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே தொலைத்தொடர்புக்குப் போதும் என்று 1966இல் சார்லஸ் காவ் கணக்கிட்டுக் காட்டியதில் தொடங்கி, இன்றைய இழையில் அதே தூரத்துக்கு 95 பங்கு மிஞ்சுகிறது என்பது வரை கட்டுரையாளர் கொண்டுவந்து சேர்த்த விதம் அருமை. சிலிக்கான் சில்லுக்குள் ஒளியை ஓடவிடும் ஆராய்ச்சி சென்னை ஐ.ஐ.டி.யில் நடப்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. என் பழைய மாணவர்கள் சிலருக்கு அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனால், கட்டுரை முழுவதும் செய்தியை வேகமாக அனுப்புவதோடு நின்றுவிட்டது. ஒளிக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. அது அளப்பது. வடாற்காட்டில் பிறந்து, இங்கேயே இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் பகுதிக்கு அவசரமாக வேண்டியது அளக்கும் ஒளியியல்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றாலே தோல் பதனிடுதல் நினைவுக்கு வரும். கூடவே குரோமியம் என்ற உலோகமும் வரும். அதன் அணு மற்ற அணுக்களோடு பிணையும் திறனை இணைதிறன் என்போம். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் கொண்டதுதான் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஓர் ஆலையின், இந்த ஆறு இணைதிறன் குரோமியம் அடங்கிய குரோமேட் கழிவு ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியதை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது, அளவு அந்த எல்லையைப் பன்மடங்கு தாண்டியிருக்கும். அதற்குக் கீழே கண் ஒன்றும் சொல்லாது. தெளிந்த கிணற்று நீரை நம்பிக் குடத்தில் மொண்டு போகிறவர்களுக்கு யார் சொல்வது?

ஒளிதான் சொல்ல வேண்டும். சோதனைமுறை எளிது. நீர் மாதிரியில் சிறிது அமிலம் சேர்த்து, அசிட்டோனில் கரைத்த டைஃபீனைல்கார்பசைடு என்ற வினைப்பொருளைச் சில துளிகள் விட வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் சில நிமிடங்களில் செவ்வூதா நிறம் ஏறும். நிறையவே இருந்தால் நாவற்பழச் சாறு கலந்ததைப் போலத் தெரியும். அனுமதிக்கப்பட்ட எல்லையளவு மட்டும் இருந்தால், நிறம் மாறியிருக்கிறதா இல்லையா என்று வெறும் கண்ணால் சொல்ல வராது. அப்போது ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் குப்பியில் அதை ஊற்றி, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைச் செலுத்துவோம். உள்ளே போன ஒளியில் வெளியே வரும்போது குறைவது பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சிறு குறைவை நம்பகமாகப் படிப்பதுதான் நிறமாலை ஒளிமானியின் வேலை.

இதெல்லாம் பழைய முறைதானே, இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நள்ளிரவில் வாய்க்காலில் கழிவு கலந்தால், மறுநாள் பகலில் எடுக்கும் மாதிரியில் அது அகப்படாது. ஆகவே, நீருக்குள்ளேயே இருந்து இரவும் பகலும் அளக்கும் உணரி (சென்சார்) வேண்டும். ஒளியிழையின் நுனியில் குரோமியத்தோடு மட்டும் வினைபுரியும் பூச்சைப் பூசி, அதன் நிற மாற்றத்தை இழை வழியாகவே படிக்கும் உணரிகள் பல நாடுகளின் ஆய்வகங்களில் உருவாகிவருகின்றன. ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்யும் உணரி, ஆற்றில் இறக்கியதும் படுத்துவிடுகிறது. சில நாட்களில் கண்ணாடி முகப்பில் பாசியும் வண்டலும் படிகின்றன. ஒளி குறைந்தது குரோமியத்தாலா, பாசியாலா என்று கருவிக்குத் தெரியாது. அதற்காக இரண்டாவது அலைநீளத்தை ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்க்கிறார்கள், தானாகத் துடைக்கும் தூரிகை பொருத்துகிறார்கள், படிவு ஒட்டாத பூச்சு தேடுகிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரின் உப்பையும் கலங்கலையும் தாங்கும் உணரியை, அந்த நீர் ஓடும் ஊரில் வைத்துத்தான் சோதித்துத் தேற்ற முடியும். அதற்குப் பாலாற்றங்கரையைவிடப் பொருத்தமான இடம் எது?

ராமன் விளைவும் இதே களத்தில் உழைக்கிறது. மூலக்கூறின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடி ஃபோட்டான்களுக்கு, அதாவது ஒளித்துகள்களுக்கு, ஒன்றுதான் அலைநீளம் மாறி வருகிறது. 1928 பிப்ரவரி 28இல் அந்த மங்கிய ஒளியைத்தான் சர் சி. வி. ராமன் பிரித்துக் காட்டினார். இன்று வெள்ளி, தங்க நானோத் துகள்களின் மேல் மாதிரியை வைத்து அந்த ஒளியைப் பல லட்சம் மடங்கு பெருக்குகிறார்கள். நீரில் மிகச் சிறிதளவே இருக்கும் நஞ்சைக் கண்டறிய உலகமெங்கும் ஆராயப்படும் வழி இது. திருச்சியில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு எங்கள் கிணறுகளுக்கு வந்துசேர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

சட்டமும் அளவையே நம்பி நிற்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது எங்கள் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. யார், எங்கே, எவ்வளவு என்று தொடர்ச்சியான அளவு கையில் இல்லாதவரை அந்தக் கொள்கை தாளில்தான் இருக்கும்.

மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற வேலூரிலிருந்து எழுதுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வீடுவரை வந்துவிட்டது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடந்துவரும்போது எவ்வளவு குறைகின்றன என்று ஒப்பிட்டு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அது கணிக்கிறது. தோலின் கறுப்பு நிறமியும் ஒளியை உட்கவரும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு ஒன்று, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதை இந்தக் கருவி கவனிக்கத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. அதன் பிறகு அங்கே விதிகளைத் திருத்த முனைந்திருக்கிறார்கள். கூடுதல் அலைநீளங்களைச் சேர்த்துத் தோல் நிறத்தின் தாக்கத்தைக் கழிக்கும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. எங்கள் ஊர் மக்களின் தோல் நிறம் எத்தனை வகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜவ்வாது மலையிலிருந்து மூச்சுத்திணறலோடு இறங்கிவரும் ஒருவருக்குக் கருவி 94 காட்டினால், அது உண்மையில் 94தானா? இதைக் கட்டுரையாளர் கட்டாயம் எழுத வேண்டும்.

அளக்கும் ஒளியியல் எங்களுக்குப் புதிதல்ல. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். அங்கே 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி திரட்டும் விண்மீன் ஒளியைச் சுமார் 45 மீட்டர் ஒளியிழை நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்கிறது. ஒளியைப் பிரித்து, எந்த அலைநீளம் குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் விண்மீனில் உள்ள தனிமங்களை அறிகிறார்கள். குரோமியத்தின் கோடுகளும் அதில் உண்டு. பல ஒளியாண்டு தூரத்திலுள்ள விண்மீனின் குரோமியத்தை அளக்கும் அறிவு பழைய வடாற்காட்டு மலைமேல் இருக்கிறது. அதே அறிவு கீழே உள்ள கிணறுகளுக்கும் இறங்கிவர வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஆகவே, ஒரு வேண்டுகோள். அளக்கும் ஒளியியலுக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அதில் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்துபார்க்கக்கூடிய கருவி ஒன்றும் இடம்பெறட்டும். பச்சை எல்.இ.டி. ஒன்று, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளி டையோடு ஒன்று, இடையே இருபுறமும் கண்ணாடி மூடிய குழாய் ஒன்று போதும். குழாயின் நீளத்தை ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்தாக்கினால், முன்பு சொன்ன வினைப்பொருள் கலந்த நீரில் எல்லையளவு குரோமியத்துக்கே சரியான பச்சை அலைநீளத்தில் ஒளி பாதிக்கு மேல் குறைந்துவிடும். மலிவான கருவியும் அதைப் படித்துவிடும். தீர்ப்பு சொல்ல அது போதாது. ஆனால், எந்தக் கிணற்று நீரை முறையான ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பொறுக்கியெடுக்கப் போதும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல் துறைகள் சேர்ந்து, குறித்த சில கிணறுகளை மாதந்தோறும் அளந்து, எண்களை ஊராட்சி அலுவலக வாசலில் எழுதிவைக்கலாம். அமிலத்தையும் அந்த வினைப்பொருளையும் ஆசிரியர் முன்னிலையில் கையுறையோடுதான் கையாள வேண்டும் என்பதையும், வினைப்பொருள் கரைசல் பழுப்பேறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் மறவாமல் சேருங்கள்.

கருவியின் சுற்றுப்படத்தையும் செய்முறையையும் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கட்டுரை வெளிவந்தால், மழைக்கு முந்தைய அளவுகளை மாணவர்கள் இந்த ஆண்டே எடுத்துவைக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.